மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஆலய வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையினருக்கும், பங்குத்தந்தையருக்கும் சேகரக் குருமாருக்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாரே, சுவாமிமாரே, மௌலவிமாரே,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்தைச் சேர்ந்தவள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு 19 வயதில் ஒரு மகன் இருக்கிறான். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை.

மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு நாள் அவனுடைய பாடசாலை விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை அவன் வழமைபோல ஆறு மணிக்கு எழும்பினான். முகம் கழுவினான். வெள்ளைச் சேட்டைத் தானே போட்டான். ஒரு பொத்தான் மாறிப்போயிருந்தது. தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு படலையடியில் போய் நின்றான். அவனையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் ஏற்றிப் போகிற ஆட்டோ ஏழு மணிக்கு வரும். அன்றைக்கு வந்தது, நிற்காமல் போனது. உள்ளே இருந்த பிள்ளைகள் கை காட்டினார்கள். இவனும் காட்டினான்.

“பள்ளிக்கூடம் முடிஞ்சிட்டு மனே” என்றேன்.

“லீவா?” என்று கேட்டான்.

லீவு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். முடிந்துவிட்டது என்றால் என்னவென்று தெரியாது. சேட்டைக் கழற்ற விடவில்லை. பகல் இரண்டு மணி மட்டும் நின்றான். மற்ற நாளும் நின்றான். ஏறக்குறைய மூன்று மாதம் அந்தப் படலைதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். மறுகா ஒரு நாள் எழும்பவில்லை. எட்டு மணிக்கு, ஒன்பது மணிக்கு, பத்து மணிக்கு எழும்பினான். இப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருக்கிறான். எண்ணத் தெரிந்த காசை மறந்துவிட்டான். ஒன்பது வருடம் ஒரு ஆசிரியை பாடுபட்டுப் பழக்கியது ஒரு வருடத்துக்குள் கரைந்து போனது.

அந்த ஆசிரியையைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வராது. சாதாரண பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் அவனைப் படிப்பித்தவர். சேட்டுப் பொத்தான் பூட்ட அவர் பழக்கிய விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேலே இருந்து எல்லாப் பொத்தானையும் அவரே பூட்டுவார். கடைசிப் பொத்தானைப் பாதி துளைக்குள் தள்ளி விட்டு, மிச்சத்தை இழுக்கச் சொல்லுவார். இழுத்தவுடன் வேலை முடிந்துவிடும், பிள்ளை சிரிப்பான். இரண்டு கிழமை அந்த ஒரு இழுவை. பிறகு கடைசிப் பொத்தான் முழுவதும். பிறகு கடைசி இரண்டு. ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். முதற் பொத்தானிலிருந்து தொடங்கினால் பாதியில் களைத்துத் தோற்றுப் போகிற பிள்ளை, முடிவிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் வெல்லுகிறான். ஆறு பொத்தானுக்கு ஏழு மாதம் எடுத்தது. அதற்குப் பிறகு இன்று வரைக்கும் நான் அவனுக்குச் சேட்டுப் பூட்டியதில்லை.

அப்படிப் படிப்பிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் மண்ணில் இருக்கிறார்கள். இல்லாதது பதினாறு வயதுக்குப் பிறகு போவதற்கு ஒரு இடம்.

சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரைக்கும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று 1997இல் விதி வந்தது. 2016இல் அது பதினாறு வயது வரைக்கும் நீண்டது. இயலாமை உடையவர் என்ற காரணத்துக்காக ஒருவருக்குக் கல்வி நிறுவனத்திலோ வேலையிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இந்தச் சட்டம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் நான் என் மகனுக்காக நாலு பாடசாலை ஏறி இறங்கினேன். ஓர் அதிபர் கதிரையில் இருக்கச் சொல்லாமலே, “மற்றப் புள்ளைகளின்ர தாய் தகப்பன் விரும்பமாட்டாங்க” என்றார். அன்றைக்கு எனக்கு இந்தச் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தால் அழுதுகொண்டு வந்திருக்க மாட்டேன். அரச வேலைகளில் நூற்றுக்கு மூன்று இடம் இயலாமை உடையவர்களுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய கல்வித் தகைமை அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையிடம் எப்படி இருக்கும்? மற்றப் பிள்ளைகள் சாதாரண தரத்துக்குப் பிறகு உயர்தரம், தொழில்நுட்பக் கல்லூரி, என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழ் என்று ஏதோ ஒரு வழியில் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் ஒன்றுதான் கடைசிக் கடதாசி.

அரசாங்கத்துக்கு எழுத வேண்டியதை அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறோம். வலயக் கல்விப் பணிமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் போய் வந்திருக்கிறோம். இனியும் போவோம். இந்த மடல் உங்களுக்கு, ஏனென்றால் இந்த மண்ணில் பள்ளிக்கூடம் நடத்திய பழக்கம் அரசாங்கத்துக்கு முந்தி உங்களுக்குத்தான் இருந்தது.

1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் வந்திறங்கித் தொடங்கியதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவர் இங்கே ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. பள்ளிக்கூடம் இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைத் துறவி இயூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மைக்கல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார், தொழில்நுட்ப நிறுவகத்தில் இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினார், 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் காணாமற்போனார். எங்கள் அப்பா அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். விசேட கல்வியும் அப்படித்தான் தொடங்கியது. செவிப்புலன் இல்லாத பிள்ளைகளுக்கும் பார்வை இல்லாத பிள்ளைகளுக்குமான இலங்கையின் முதல் பாடசாலையை 1912இல் தெஹிவளையில் தொடங்கியவர் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி. யாழ்ப்பாணத்துக் கைதடியில் 1956இல் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நவீல்ட் பாடசாலை வந்தது. மட்டக்களப்பில் காது கேளாத பிள்ளைகளுக்கு வாழ்வோசையும் பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தரிசனமும் இருக்கின்றன.

1960, 61இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அது நியாயமா அநியாயமா என்ற வழக்கை நான் இங்கே கிளப்பவில்லை. ஆனால் அன்றோடு, பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் வேலை, எங்கள் வேலை திருவிழாவும் பெருநாளும் என்று ஒரு எண்ணம் எங்களுக்குள் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் என்றால் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு, மறைக்கல்வி, பின்னேரம் குர்ஆன் மத்ரஸா. அதிலேயும் எங்கள் பிள்ளைகள் கடைசி வாங்கில்தான்.

இனி நான் சொல்லப் போவது உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். நல்ல மனதோடு செய்கிறவர்களின் மனதை நோகடிக்க நான் இதை எழுதவில்லை. ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சோறு தருகிறீர்கள். பிறந்தநாளுக்கு, ஆண்டுத் திவசத்துக்கு, வெளிநாட்டிலிருந்து மகன் காசு அனுப்பியதற்கு, விசேட தேவையுடைய பிள்ளைகளின் நிலையத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு. என் மகன் பன்னிரண்டு வயதில் சனிக்கிழமைகளில் அப்படி ஒரு நிலையத்துக்குப் போனான். ஒரு நாள் நான் கூட்டிவரப் போன நேரம் ஒரு குடும்பம் புரியாணிப் பார்சலோடும் கேக்கோடும் வந்திருந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பார்சலைக் கையில் பிடிக்க, ஒரு படம். கொடுக்கிறவரின் முகம் சரியாக விழவில்லை என்று இன்னொரு படம். இவன் பசியில் பார்சலின் நூலை அவிழ்க்கப் பார்த்தான். “பொறு தம்பி, இன்னும் ஒண்டு” என்றார்கள். பொறுத்தான். பொறுக்கத்தான் அவனுக்குப் பழக்கியிருந்தார்கள்.

அடுத்த மாதம் எங்கள் சொந்தக்காரர் கலியாண வீடு. மண்டப வாசலில் ஒருவர் பெட்டியோடு உள்ளே வந்தார், அலங்காரச் சாமான் கொண்டு வந்தவர். என் மகன் எழும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் நீட்டி, கமரா எங்கே என்று தேடினான். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தது. அவனுடைய கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை. என் பிள்ளைக்கு ஊர் என்ன பழக்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். வாங்கப் பழக்கியிருக்கிறது. யாருக்காவது ஒன்று எடுத்துக் கொடுக்க, ஒரு வேலையைச் செய்து முடிக்க, அதற்காக ஒருவர் அவனை எதிர்பார்த்து நிற்க ஒருவரும் பழக்கவில்லை.

ஐயாமாரே, நான் கேட்பது அதைத்தான். உங்கள் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை செய்யப் பழக்க ஒரு இடம்.

மண்டூர் முருகன் கோயிலுக்கு நாங்கள் வருடா வருடம் போவோம். குருமண்வெளித் துறையில் பாதை ஏறி அக்கரைக்குப் போவது அவனுக்குப் பெரிய சந்தோஷம். மற்ற இடங்களில் அவனைக் கண்டவுடன் சனம் முதலில் கேட்பது, “புள்ளைக்குப் பேச்சு வராதோ?” என்று. மண்டூரில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். முதல் தடவை அதைக் கண்டபோது என் மகன் திகைத்துப் போனான். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். பிறகு தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு பூசை முடியும் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றான். பேச்சில்லாமலும் ஒரு பெரிய வேலை நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு அந்தக் கோயில் காட்டியது.

விசேட கல்வி படித்தவர்களிடம் கேளுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது ஒழுங்கு என்று சொல்லுவார்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் போகும், பயம் போனால் படிப்பு ஏறும். அதற்காக வகுப்பறையில் நாளின் ஒழுங்கைப் படங்களாகச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். உங்கள் இடங்களில் அந்த ஒழுங்கு நூற்றாண்டுகளாக இருக்கிறது. மணி அடிக்கும், திரை விலகும், தீபம் காட்டுவார்கள், திருநீறு வரும், பிரசாதம் வரும். ஒரு நாளும் பிரசாதம் முந்தி வந்து மணி பிந்தி அடித்ததில்லை. தேவாலயப் பூசையில் எழும்ப வேண்டிய இடமும் முழந்தாளிட வேண்டிய இடமும் ஒவ்வொரு ஞாயிறும் அதே இடம்தான்.

கிளினிக்கில் எங்களோடு சேர்ந்த ஒரு தாய் மருதமுனையைச் சேர்ந்தவர். அவருடைய மகனுக்கு ஓட்டிசம். தண்ணீர் முகத்தில் பட்டால் கத்துவான், பத்து வயது மட்டும் அவனுக்கு முகம் கழுவிவிடுவது ஒரு சண்டை. வாப்பா பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்வதை அவன் ஒவ்வொரு வெள்ளியும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். முதலில் மணிக்கட்டு வரைக்கும் கை, பிறகு வாய், பிறகு மூக்கு, பிறகு முகம், முழங்கை வரைக்கும் கை, தலையில் தடவல், கடைசியில் கால். ஒழுங்கு மாறாது, எண்ணிக்கையும் மாறாது. அந்தத் தாய் வீட்டுக் குழாயடியில் அதே ஒழுங்கை ஒரு மட்டையில் படமாகக் கீறி ஒட்டினார். நாலு மாதத்தில் பிள்ளை தானே முகம் கழுவினான். எந்தச் சிகிச்சையாளரும் இதைவிட நல்ல பாடத்தைத் தயாரித்திருக்க முடியாது என்று அவருக்குச் சொன்னேன். அவர் அழுதார். நானும்தான்.

பாதை என்று மேலே எழுதினேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூரார் படித்தால், வாவியைக் கடக்கிற மிதவைக்கு நாங்கள் சொல்கிற பேர் அது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் எத்தனை காலம் சனம் பாதையில் போய் வந்தது. பாலம் இல்லையென்று ஒருவரும் அக்கரையில் குந்தியிருக்கவில்லை. பதினாறு வயதுக்கும் வேலைக்கும் இடையில் எங்கள் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒரு நாள் பாலம் கட்டட்டும். அது வரைக்கும் ஒரு பாதை ஓட வேண்டும். எங்களுக்குள் நாங்கள் அதைப் பாதை வகுப்பு என்றுதான் சொல்லுகிறோம்.

அது எப்படி ஓடும் என்று நாங்கள் ஆறு தாய்மார் இருந்து யோசித்து வைத்திருக்கிறோம். கிழமையில் மூன்று காலை, எட்டரை மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும். ஒரு இடத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பதினாறில் தொடங்கினால் பிந்திவிடும், பதினான்கிலேயே தொடங்க வேண்டும். அந்த இரண்டு வருடம் பிள்ளை பாடசாலைக்கும் போவான், ஒரு நாள் இங்கேயும் வருவான். பிறகு இரண்டு நாள். படலையடியில் நிற்கிற வேலை அப்போது வராது, ஏனென்றால் பாடசாலை முடிகிற நாளில் போவதற்கு இன்னொரு இடம் அவனுக்குப் பழகியிருக்கும்.

என்ன பழக்குவது என்று கேட்பீர்கள். மண்டபத்திலேயே எல்லாம் இருக்கிறது. கதிரைகளைப் பத்துப் பத்தாக அடுக்குவது. எண்ணத் தெரியாத பிள்ளைக்குச் சுவரில் பத்துக் கதிரையின் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. கோட்டைத் தொட்டால் அடுத்த அடுக்கு. பூ ஆய்வது, விளக்குத் துடைப்பது, பிரசாதப் பையில் போட்டுக் கட்டுவது, கஞ்சிக் கோப்பை கழுவுவது, பாய் சுருட்டுவது. நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சி பங்கிடும்போது எத்தனை கை வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். இதெல்லாம் கை பழகிய பிறகு கிழமையில் ஒரு நாள் வெளியே: ஒரு பேக்கரி, ஒரு அச்சகம், ஒரு கூட்டுறவுக் கடை. பழகும் வரைக்கும் பக்கத்தில் ஒருவர் நிற்பார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகுவார். காசு எண்ணுவதைக் கடையில்தான் பழக்க வேண்டும், பஸ் ஏறுவதைப் பஸ்ஸில்தான் பழக்க வேண்டும். வகுப்பறையில் படித்ததை வெளியே கொண்டுபோய்ப் பொருத்துவதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு ஆகக் கஷ்டமான பாடம். பிள்ளை செய்த வேலைக்குச் சிறு தொகை என்றாலும் கையில் கொடுங்கள். சம்பளம் என்று சொல்லிக் கொடுங்கள்.

ஆளுக்கு எங்கே போவது? ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்ப்போம். விசேட தேவைகள் கல்வியைத் திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், அதற்கு மட்டக்களப்பிலேயே நிலையம் இருக்கிறது. உங்கள் ஊரில் அறநெறி வகுப்பு எடுக்கிற பிள்ளைகளில் ஒருவரை அந்தப் படிப்புக்கு அனுப்பி, செலவை ஆலயம் ஏற்றால் அது பெரிய உபயம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

செலவை எப்படிப் பங்கிடுவது என்பதை எங்கள் முன்னோர் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். திருவிழாவில் முதலாம் நாள் ஒரு குடி, அதாவது தாய்வழி வந்த ஒரு குலம், இரண்டாம் நாள் இன்னொரு குடி என்று பொறுப்பெடுக்கிறோம். தன் நாளில் குறை வந்தால் குடிக்கே அவமானம் என்று கடன்பட்டாவது செய்கிறோம். கிழக்கில் முஸ்லிம் ஊர்களிலும் குடியும் குடி மரைக்காயரும் உண்டு. அதே போல ஒரு குடி ஒரு மாதத்தைப் பொறுப்பெடுக்கட்டும். அந்த மாதத்து ஆசிரியரின் கொடுப்பனவு, பிள்ளைகளின் ஆட்டோக் காசு, பகல் தேநீர். பன்னிரண்டு குடி இல்லாத ஊரில் ஒரு குடிக்கு இரண்டு மாதம். வானவேடிக்கையில் ஒரு பங்கைக் குறைத்தால் கட்டும் என்று என் கணக்குப் புத்தி சொல்லுகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கும் இதே போல ஒன்று வேண்டும், தரம் ஒன்றுக்குப் போக முன் இருக்கவும் வரிசையில் நிற்கவும் மலசலகூடம் போகவும் பழக. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். இப்போது என் நெஞ்சில் நிற்பது வளர்ந்த பிள்ளைகள்.

சில விஷயங்களில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

குணமாக்கித் தருகிறோம் என்று யாரும் வரக்கூடாது. எங்கள் ஆறு பேரில் ஒருவர் நூல் கட்டினார், ஒருவர் எண்ணெய் பூசி ஜெபிக்கக் கொண்டு போனார், ஒருவர் ஓதிப் பார்த்தார். நான் மூன்று இடத்துக்குப் பேய் பார்க்கக் கொண்டு போனேன், சொல்ல வெட்கமில்லை. இருபத்தோராவது நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதுதான் டவுன் சின்ட்ரோம். ஓட்டுவதற்கு அங்கே பேய் இல்லை. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இருதயத்தில் ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறார்கள், அதை நேரத்துக்குப் பார்க்க வேண்டும். நான் கயிறும் தாயத்தும் தேடி அலைந்த இரண்டு வருடத்தில் அவனுடைய இருதயத்தை ஒருவரும் சோதிக்கவில்லை. கடவுள் காப்பாற்றினார், ஓட்டை சிறிதாக இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படி அமையாது.

முற்பிறப்பு வினை, பெற்றோர் செய்த பாவம் என்ற பேச்சும் வேண்டாம். பிறவியிலேயே பார்வை இல்லாதவனைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றுதான் இயேசுநாதர் சொன்னார். கல்லாற்று மெதடிஸ்த தேவாலயத்துக்குப் போகிற எங்கள் தோழி ஒருவர், சக்கர நாற்காலியில் இருக்கிற தன் மகளின் தலையைத் தடவிக்கொண்டு எனக்கு இதைச் சொன்னார்.

மதம் மாற்றுகிற பேச்சும் நிழலுக்குக்கூட வரக்கூடாது. இந்த மாவட்டம் பட்டது போதும். பள்ளிவாசல் மண்டபத்தில் வகுப்பு நடந்தால் நான் என் மகனை அங்கே கூட்டிப் போவேன். நெற்றியில் திருநீறோடு போன பிள்ளை திருநீறோடு திரும்பி வர வேண்டும். மருதமுனைப் பிள்ளை கோயில் மண்டபத்துக்கு வந்தால் அவனுக்குப் பகல் சாப்பாடு அவனுடைய வீட்டிலிருந்து வரும், தொழுகை நேரத்துக்கு அவன் போகலாம்.

எந்தப் பிள்ளையும் எந்த நேரத்திலும் ஒரு பெரியவரோடு தனியாகப் பூட்டிய அறையில் இருக்கக்கூடாது, அவர் யாராக இருந்தாலும், என்ன காவி, என்ன அங்கி, என்ன தொப்பி போட்டிருந்தாலும். எங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாது. ஆகவே எப்போதும் இரண்டு பேர், திறந்த கதவு, தாய்மாரில் ஒருவர் அங்கே. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் பெரிய எழுத்தில் சுவரில் இருக்க வேண்டும். இதைக் கேட்டு யாரும் மனம் நோகத் தேவையில்லை. நல்லவர்களுக்கு இது பாதுகாப்புத்தான்.

இடமில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26 கடல் வந்த அன்றைக்கு இரவே கோயில் மண்டபமும் தேவாலயமும் பள்ளிவாசலும் திறந்தன. ஒருவரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடவில்லை. கரையோரம் முழுவதிலும் இருந்து ஈரத் துணியோடு வந்த சனத்தை எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்காமல் படுக்க வைத்தீர்கள். அப்போது நான் கலியாணம் முடிக்காத பிள்ளை, ஒரு தேவாலயத்தின் வாங்கில் மூன்று இரவு படுத்தேன். அந்த மண்டபங்கள் இப்போது இன்னும் பெரிதாகி, டைல்ஸ் போட்டு, திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பூட்டிக் கிடக்கின்றன.

பெரியவர்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. நாயன்மாரில் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளம் தூர்ந்து போனதைக் கேட்டு, குளத்துக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவித் தடவியே மண்ணைச் சுமந்து கொட்டினார். நாங்கள் சின்னதில் இதைப் பக்திக் கதையாகக் கேட்டோம். இப்போது எனக்கு அந்தக் கயிறுதான் கண்ணில் நிற்கிறது. பார்வை இல்லாதவருக்கு வேலை செய்ய வேண்டியிருந்தது இரண்டு தறியும் ஒரு கயிறும். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் கேட்கிற சிவப்புக் கோடும் படம் ஒட்டிய மட்டையும் அந்தக் கயிறுதான். மருதமுனைத் தாய் இதைக் கேட்டுவிட்டு, பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் அவர்களுக்கு மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பு இருந்தது என்றார்.

போன வைகாசியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அதற்கு முந்தின வருடம் ஒரு பெரிய கோயில் திருவிழாவில் என் மகன் சத்தம் போட்டான் என்று தொண்டர் ஒருவர், “ஐயா மந்திரம் சொல்ற நேரம், புள்ளைய அங்கால கொண்டு போங்க” என்று சொன்னதோடு நான் அவனைக் கூட்டத்துக்குக் கொண்டு போவதை விட்டிருந்தேன். அயலில் ஒரு சின்னக் கண்ணகி அம்மன் கோயில். அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்குக்கு முதல் நாள் மாமி கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனார். அங்கே பூசை செய்கிற கட்டாடியார் வயதானவர். வேப்பிலைக் கொத்து ஒரு குவியலாகக் கிடந்தது. என் மகனைக் கண்டார், ஒன்றும் விசாரிக்கவில்லை. “வாங்க மனே, இருங்க” என்று பக்கத்தில் இருத்தி, ஒரு கொப்பை எடுத்து, ஈர்க்கைப் பிடித்து, மற்றக் கையால் ஒரே இழுவையில் இலையை உருவிக் காட்டினார். இரண்டாவது கொப்பில் பாதியை அவர் உருவி மிச்சத்தை அவனிடம் கொடுத்தார். அந்த ஆசிரியையின் பொத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கட்டாடியார் விசேட கல்வி படித்தவரில்லை.

முக்கால் மணித்தியாலம் அவன் தலை நிமிரவில்லை. ஓலைப் பெட்டி நிரம்பியது. கட்டாடியார் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “இது காணும், அம்மாளுக்குக் காணும்” என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் மகன் எழும்பினான். முகம் கழுவினான். சேட்டைப் போட்டான். ஆறு பொத்தானும் சரி. படலையடியில் நிற்கவில்லை, நேரே கோயிலுக்கு நடந்தான்.

சடங்கு முடிந்து கதவு சாத்தினார்கள். அடுத்த வைகாசி வரைக்கும் திறக்க மாட்டார்கள். அவன் அதற்குப் பிறகும் எட்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

ஐயாமாரே, உங்கள் மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி விடுங்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் ஆறு தாய்மாரும் வருகிறோம். கூட்டித் துடைக்கத் தும்புத்தடியும் வாளியும் நாங்களே கொண்டு வருவோம். கதிரை அடுக்க ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறு தாய்மார் சார்பில் ஒருத்தி,
களுவாஞ்சிகுடி